மணி அடிக்கும் முன் வந்தவர்

எங்கள் கோயில் மணிக்கயிற்றின் நுனியில் சிவப்புக் கட்டம் போட்ட பழைய துண்டு ஒன்று சுற்றியிருக்கும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கமெல்லாம் ஈரக்காற்றுதான், நைலான் கயிறு கையில் வழுக்கும். அதற்காக அண்ணாச்சி சுற்றிவைத்தது. அவர் எங்கள் சபையின் கோயில்குட்டி. கோயிலைப் பெருக்கி, விளக்குப் போட்டு, மணி அடிக்கிறவரை, அறுபது வயதானாலும், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலை. எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் பிந்தினால் தெருமுனையில் போய் நிற்பேன். ஜெபம்கூட எனக்கு ஒரு பயப் பட்டியல்தான். இது வரக்கூடாது ஆண்டவரே, அது வரக்கூடாது ஆண்டவரே. அப்படிப்பட்டவளிடம், ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த கணவரின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். திருநெல்வேலியில் சேர்த்தோம். ஒரு வாரம் நான் கூட இருப்பேன், மறுவாரம் அவருடைய அக்கா.

ஊரில் இருக்கும் வாரம்தான் கொடுமை. போன் இருக்கிறதே என்று கேட்கலாம். எங்கள் தெருவில் யாராவது இறந்தால் பெண்டாட்டிக்குக் கடைசியாகத்தான் சொல்வார்கள். முதலில் வீட்டு ஆண்களுக்கு, பிறகு ஐயருக்கு. போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஐயர் சொன்னதும் துக்க மணி விழும், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. ஆகவே போனை நான் நம்பவில்லை. நாள் முழுக்க மணிக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில், வீட்டில் துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது அது கேட்டது. சோப்பு நுரைக் கையோடு, செருப்பில்லாமல் ஓடினேன். என்னைக் கண்டதும் அண்ணாச்சி கயிற்றை விட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரர் இல்ல தங்கச்சி, வடக்குத் தெரு டீச்சரோட அம்மா" என்றார்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். தூண் ஓரத்தில் அந்த டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அம்மா இறந்ததை ஐயரிடம் சொல்ல வந்தவர். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். ஆண்டவரின் பெயரை அதைவிடக் கேவலமாக யாராவது சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் நான் கோயிலுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். சாவு விழுந்தால், மணி அடிப்பதற்கு முன் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். இறங்கமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, "நம்மாளு இல்ல. அடிக்கப் போறேன், பயப்படாத" என்பார். உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று ஒருநாள் கேட்டேன். "நீ அன்னைக்கு ஓடியாந்த வேகத்துக்குக் கயித்தப் பிடிச்சித் தொங்கிருவியோன்னு பயந்துட்டேன். புதுக் கயிறு வாங்கணும்னா சபையில நாலு கூட்டம் போடுவாங்க, தெரியும்லா" என்றார். பல நாளைக்குப் பிறகு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஹாண்டில் பாரைப் பார்த்தபடியே சொன்னார்: "எம்மவன் பைக்குல அடிபட்ட அன்னைக்கு, மணியடின்னு மட்டும் போன் வந்துச்சு. யாருக்குன்னு கேக்காம அடிச்சேன். பாதியிலதான் வந்து சொன்னாங்க."

"மீதியையும் அடிச்சீங்களா அண்ணாச்சி?"

"அடிச்சேன். என் பிள்ளைக்கு வேற யாரு அடிப்பா."

ஐந்து மாதம் கழித்து, சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் சைக்கிள் வந்து நின்றது. அன்றைக்கு அவர் இறங்கினார். ஸ்டாண்ட் போட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "நீ சொன்னாத்தான் தங்கச்சி அடிப்பேன்" என்றார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். வரக்கூடாது வரக்கூடாது என்று கேட்டதெல்லாம் வந்துவிட்டது, கேட்பதற்கு மிச்சம் ஒன்றுமில்லை. 'நீர் கூட இரும்' என்று மட்டும் சொன்னேன். பயமில்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு, "அடிங்க அண்ணாச்சி" என்றேன்.

நான் அவ்வளவு பயந்த மணி. அது அடிக்க அடிக்கத் தெருவில் கதவுகள் திறந்தன. குடைகள் எங்கள் வீட்டை நோக்கி வந்தன. முதல் குடை அந்த டீச்சருடையது. "அன்னைக்கு நான், டீச்சர்..." என்று தொடங்கினேன். "அதெல்லாம் அப்பவே விட்டாச்சு. தண்ணி குடிச்சியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செத்தவரைச் சொல்லத்தான் அந்த மணி என்று நினைத்திருந்தேன். இருக்கிறவளைத் தனியே விடாதிருக்கத்தான் அடிக்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது. என் விசுவாசம் வளர்ந்த இடம் எது என்று கேட்டால் அந்த ஈர வாசலைத்தான் காட்டுவேன்.

அண்ணாச்சியும் போய்விட்டார். இனி யார் மணி அடிப்பது என்று ஐயர் கேட்டபோது நான் கை தூக்கினேன். "பயந்தாங்கொள்ளி கையிலயா கயிறு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்று காலை ஐயர் போன் செய்தார். யாருக்கு என்று கேட்டுக்கொண்டேன். குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு பெரியவர். உடனே கோயிலுக்குப் போகவில்லை. கீழத்தெருவில் ஒரு பெண், அவள் கணவனை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். அவள் வீட்டு வாசலுக்குப் போய், "நம்மாளு இல்லட்டி. அடிக்கப் போறேன், பயப்படாத" என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

கோயிலுக்கு வந்து கயிற்றைப் பிடித்தேன். துண்டு நனைந்திருந்தது, பிடி வழுக்கவில்லை. வீட்டில் கேஸை மூடினேனா என்று அப்போது பார்த்து ஒரு நினைப்பு வந்தது. வந்தால் வரட்டும் என்று இழுத்து அடித்தேன்.