தூரத்தில் உள்ளவை மட்டும்

“மலையப் பாத்த ரூம்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க தம்பி. படுத்திருந்தாலே தெரியுமா, எந்திரிச்சு நின்னாத்தான் தெரியுமா? அதக் கேட்டு எழுதி அனுப்புங்க.”

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பாதி தைத்த திரைச்சீலையை மடியில் போட்டபடி பேசுகிறார் எங்கள் அடுக்ககத்தின் எதிர்வீட்டு அக்கா. மறுமுனையில் இருப்பவர் சுற்றுலா ஏற்பாட்டாளர். ஊரார் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைப்பவருக்கு ஜன்னலைப் பற்றிக் கேட்கக் கேள்விக்கா பஞ்சம்? எழுதி வாங்காத எதையும் அவர் நம்புவதில்லை. தெருவில் இதைச் சந்தேகப் புத்தி என்கிறார்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒருமுறை இழந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இமயமலை நாடொன்றுக்கு நான்கு நாள் பயணம். அவரும் கணவரும் மட்டும். கணவர் பேருந்து ஓட்டியவர். அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி வருகிறது. குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் ஒரு வட்டம் மிச்சமிருக்கிறது. அது எப்போது மூடும் என்று மருத்துவர் சொல்லவில்லை. “அடுத்த வருஷம் போலாம்னு மட்டும் வெச்சுக்காதீங்க” என்றாராம்.

போன வாரம் சுற்றுலா அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். ஏற்பாட்டாளர் விரித்த பயணத் திட்டத்தில் அரண்மனை, கடைத்தெரு, மடாலயம் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார் அக்கா.

“அரண்மனைய யாராவது வேண்டாம்பாங்களாக்கா?” என்றார் ஏற்பாட்டாளர்.

“கிட்ட இருக்கறது அவருக்குத் துண்டு துண்டாத்தான் தெரியும் தம்பி. என் மூக்கப் பாத்தா வாயி இருக்காது. தூரத்துல இருக்கறதுதான் முழுசா அடங்கும்.”

ஏற்பாட்டாளர் கட்டணப் பட்டியலைப் புரட்டினார். பிறகு, மழைக்காலத்தில் போனால் பாதிக் கட்டணந்தான் என்றார்.

“மேகத்தப் பாக்க எங்க மொட்டை மாடி போதுமே.”

மழை ஓய்ந்த முதல் வாரம் என்று முடிவாயிற்று. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை வட்டம் பொறுக்குமா என்று அக்கா யாரிடமும் கேட்பதில்லை.

கணவருக்கோ எல்லாம் கிண்டல். “முப்பது வருஷம் ரோட்டத் தவிர எதையும் பாக்காதவனுக்கு இவ மலையக் காட்டப் போறாளாம். போயி முட்டிக்கிட்டு நின்னா?”

“ஹாரன் அடிங்க. மலை ஒதுங்கிக்கும்.”

நேற்று மாலை அக்கா மலைத்தொடரின் படம் ஒன்றைச் சுவரொட்டி அளவில் அச்சிட்டு வாங்கி வந்தார். எவ்வளவு தூரத்து மேட்டில் நின்றால் தொடர் முழுதும் கணவருக்கு அடங்கும் என்று அறிய வேண்டியிருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்.

“தெரியுதா?”

“ரெண்டு உச்சி தெரியுது. மத்தது இல்ல.”

இன்னும் பின்னே போனார். கூடம் முடிந்தது. போன மாதம் அலமாரியருகே நின்றபோதே இதே அளவுப் படம் முழுதாகத் தெரிந்ததாம். வாசலைத் தாண்டி நடைவழிக்கு வந்து, என் வீட்டுக் கதவில் முதுகு இடித்தபின் நின்றார்.

“இப்பங்க?”



“இப்ப மலை முழுசா இருக்கு” என்றார் கணவர். “நீயும் முழுசா இருக்க. எவ்வளவு நாளாச்சு.”

அக்கா படத்தை மெல்ல உயர்த்தித் தம் முகத்தை மறைத்துக்கொண்டார்.