மேற்கு அறையில் இறந்த ஆக்னஸ்

நானே கற்பனை செய்து, நானே சாகடித்த ஒரு குழந்தைக்கு நான் என்ன உறவு? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

1. ஐந்நூறு வருடம்

கியாக்டடா பேட்டையில் ஒரு சிறிய டிசைன் ஆபீஸில் டிராயிங் போடுகிறேன். தாமுவே பேட்டையில் ரெஸ்டாரன்ட் கட்டும் ஊ சோ மின், அது டியூடர் வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று வந்தார். ‘ஊ’ என்றால் பர்மிய மொழியில் ‘ஐயா’ மாதிரி. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் ஓடும் பழைய இங்கிலாந்து வீடு. உண்மையில் உள்ளே கான்கிரீட் தூண், வெளியே மரம் போலப் பெயின்ட் அடித்த சிமென்ட் பலகை. வாசலில் மாட்டும் பித்தளைத் தகட்டுக்கு ஒரு கற்பனை வரலாறும் நான்தான் எழுத வேண்டும்.

“ஐந்நூறு வருஷம்னு போடும்மா செல்வி.”

“அப்ப இங்கிலீஷ்காரங்க இங்க வரவே இல்லையே, ஊ.”

“இவரு மட்டும் கொஞ்சம் முந்தி வந்துட்டாருன்னு எழுது. அப்புறம், யாராவது செத்திருக்கணும். இல்லன்னா பேய் ரூம்னு பாக்க மாடிக்கு எவன் வருவான்?”

அன்று என் நான்கு வயது மகள் தாரிணிக்குக் காய்ச்சல். அவளை மடியில் வைத்துக்கொண்டே டைப் செய்தேன். முந்தி வந்த அந்த இங்கிலீஷ்கார மர வியாபாரியின் மகள் ஆக்னஸ், வயது நான்கு, மேற்கு அறையில் காய்ச்சலில் இறந்தாள். வேறு எதுவும் தோன்றவில்லை.

2. படையல்

தாரிணிக்குச் சரியாகிவிட்டது. ஆனால் சைட்டில் வேலை நின்றது. மேஸ்திரி முனியாண்டி போன் செய்தார்.

“மேக்கு ரூம் புள்ள செத்த ரூமாமே, மொதலாளி சொன்னாரு. பூச்சு வேலைக்குப் பசங்க ஏற மாட்டேங்குறாங்க.”

“அந்த மாடிக்கு நீங்கதானே அண்ணே போன மாசம் கான்கிரீட் போட்டீங்க?”

“போட்டது நாந்தான். புள்ள அதுக்கு முந்தியே செத்துருச்சே.”

“அண்ணே, அது நான் எழுதின பொய்.”

“ஊர்ல இத்தன பேர் இருக்க, ஒனக்கு மட்டும் ஏன் தோணுச்சு? அதுவே வந்து சொல்லியிருக்கும். என்ன கெழம பொறந்துச்சுன்னு சொல்லு, படையல் போடணும்.”

“செவ்வாய்” என்றேன். தாரிணி பிறந்த கிழமை. வாயில் முதலில் அதுதான் வந்தது.

இங்கே பிறந்த கிழமை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு உண்டு; செவ்வாய்க்குச் சிங்கம். தேங்காய், வாழைப்பழத்தோடு ஒரு பிளாஸ்டிக் சிங்கமும் வைத்தார்கள். மறுநாள் பூச்சு வேலை முடிந்தது.

3. தகடு

கிழமை ஊ சோ மின்னுக்குப் பிடித்துவிட்டது. தகட்டிலும் போடச் சொன்னார். நான்கு வயது, செவ்வாய்க்கிழமை பிறந்தவள், காய்ச்சலில் இறந்தாள். அதைப் பித்தளையில் வெட்டப்போகிறார்கள் என்றதும் மறுபடி படித்துப் பார்த்தேன்; வயது, கிழமை, காய்ச்சல் எல்லாம் தாரிணிதான். ஆக்னஸ் பிழைத்துக்கொண்டாள், இங்கிலாந்து போய் எண்பது வயதுவரை வாழ்ந்தாள் என்று மாற்றி எழுதிக் கொண்டுபோனேன்.

“எண்பது வயசுக் கெழவிக்கு எவன் பயப்படுவான்?” என்றார் ஊ சோ மின்.

முனியாண்டி அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. “அது சீமைக்குப் போயிருச்சுன்னா, நாங்க வச்ச பழத்த யாரு தின்னா?”

கடைசியில் ஊ சோ மின் இறங்கி வந்தார். சாவு இருக்கும், கிழமையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லான்மடாவ் பேட்டைத் தகட்டுக் கடைக்காரர் நாளை மதியம் எழுத்து வெட்டத் தொடங்குகிறார்.

காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரலாறு எழுதக்கூடாது என்பது நான் கற்ற பாடம். மற்றதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். புதன் என்று போடலாமென்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை புதன். வெள்ளி என் தங்கை மகன். எங்கள் ஊர் வழக்கப்படி புதனைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்தாலும் மொத்தம் எட்டுக் கிழமைதான். யார் வீட்டிலும் பிள்ளை பிறக்காத கிழமை ஒன்று உங்களுக்குத் தெரிந்தால், நாளை மதியத்துக்குள் எழுதுங்கள்.