ஒரே எக்ஸ்ரே, இரண்டு தீர்ப்பு

ஒரே எக்ஸ்ரேயை இரண்டு தடவை பார்த்து இரண்டு விதமாகச் சொன்னவர், தஞ்சாவூரில் இன்னும் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறார். பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

நான் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். நாள் முழுக்கக் குனிந்து, முன்னால் இருக்கும் கட்டர் வரப்பில் மோதாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போன மார்கழியில் கழுத்து வலி தாங்க முடியவில்லை. ஸ்டியரிங் பிடிக்கிற இடது கை விரல்களும் அடிக்கடி மரத்துப்போயின. யாரோ சொன்னார்கள் என்று, மருந்தில்லாமல் கையாலேயே எலும்பைச் சரிசெய்கிற கைரோபிராக்டர் ஒருவரிடம் போனேன்.

எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். ஸ்கேன் சென்டரில் பிலிமும் கொடுத்தார்கள், அதே படத்தைப் போனுக்கும் அனுப்பினார்கள். பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தவர், கழுத்தின் வளைவு போய்விட்டது, ஐந்தாவது எலும்பு விலகியிருக்கிறது, மெஷினில் ஏறினால் கை போய்விடும் என்றார். பயந்துபோய்ப் பத்து நாள் போனேன். கழுத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்புவார், சொடக்குச் சத்தம் கேட்கும். வலி குறைந்தது. மரப்பு அப்படியே இருந்தது.

தை பிறந்து சம்பா அறுவடை ஆரம்பித்துவிட்டது. மெஷின் ஓனர் தினமும் போன் செய்தார். கைரோபிராக்டர் புது எக்ஸ்ரே கேட்டிருந்தார், நான் எடுக்கவில்லை. புதுசு எடுக்கவில்லை, பழையதையே இன்னொரு தடவை பாருங்கள் என்று சொல்லத்தான் போனில் இருந்த படத்தை நீட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"பாத்தீங்களா, வளைவு திரும்பிடுச்சு. அஞ்சாவது எலும்பும் நல்லா உக்காந்துடுச்சு. இனிமே தாராளமா வண்டி ஏறுங்க."

அது பழைய படம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பதிலை அவர் கொடுத்துவிட்டார், நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வயல். திருப்பத்தில் இடது கை மரத்து, ஸ்டியரிங் நழுவியது. மெஷின் வரப்பேறிவிட்டது. அங்கே சாக்கை விரித்து வயல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது கட்டருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சாக்கின் ஓரத்தைக் கட்டர் இழுத்துவிட்டது.

அவர் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, கதிர அறுக்க வந்தியா, என்னைய அறுக்க வந்தியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மெஷினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் பிலிமையும் போனையும் அந்தக் கைரோபிராக்டர் முன்னால் ஒன்றாக வைத்தேன். இரண்டிலும் ஒரே தேதி. போன் வெளிச்சத்தில் அப்படித் தெரியும் என்றார். எலும்பு எந்த வெளிச்சத்தில் இடம் மாறும் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கும்பகோணத்தில் இன்னொரு கைரோபிராக்டரிடம் அதே பிலிமைக் காட்டினேன். அவர் ஐந்தாவது நன்றாகத்தான் இருக்கிறது, மூன்றாவதுதான் கோளாறு என்றார்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எலும்பு டாக்டர் பிலிமை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். படம் எடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் இறக்கினாலே வளைவு மாறித் தெரியும் என்றார். பிறகு தன் விரல்களை என் கையால் பிடித்து அழுத்தச் சொன்னார், ஊசி முனையால் விரல் விரலாகக் குத்திப் பார்த்தார். அதுவரை யாரும் என் கையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. கை தேறும்வரை மெஷின் பக்கமே போகக் கூடாது என்றார். அந்த அறுவடை முழுக்க நான் ஏறவில்லை.

கை தேறி மறுபடி ஏறிவிட்ட இன்றைக்கும், மெஷினைத் திருப்பும்போதெல்லாம் அந்தச் சாக்குதான் கண்ணில் நிற்கிறது. வாயை மூடிக்கொண்டு வந்தது என் தப்பு, அதை இதோ எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட்டேன். மார்கழியில் அவர் பார்த்தது சரியா, தையில் பார்த்தது சரியா என்று அவரும் இதே பக்கத்தில், ஊரே படிக்கிற மாதிரி, எழுதட்டும்.