கொலையாளியின் முன்கதைக்கு நான் போட்ட பைண்டு

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

மைசூரு ஹெப்பாள் பகுதியில் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, மனைவியும் காலமான பின், அதே ஊரில் வீட்டில் தனியே வசிப்பவன் நான். ஒரே மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் அழைப்பாள், நலம் விசாரித்ததும் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும்.

அவளது அலமாரியில் ஆங்கிலச் சித்திரக்கதை இதழ்கள் ஆறு கிடந்தன. கல்லூரி நாட்களில் அவள் ஓயாது ஆடிய வீடியோ கேம் தொடர் ஒன்றின் முன்கதை அது. இரகசியக் கொலையாளிகளைப் பற்றியது. அகராதியின் துணையோடு ஒரு மாதம் வாசித்தேன். பின்னொரு ஞாயிறன்று கேட்டேன்:

"அம்மிணி, நாலாம் பாகத்துல அவன் குருவைக் கொல்லாம ஏன் உட்டுட்டான்?"

"அப்பா! அதைப் படிச்சீங்களா நீங்க? அதுக்குப் பதில் மூணாவது கேம்லதான் வரும். அந்தக் குரு லேசுப்பட்ட ஆளில்லீங்கப்பா!"

அன்று ஒரு மணி நேரம் பேசினாள். கொலையாளியின் இளமை எனக்குத் தெரியும். பின்னர் அவனுக்கு நேர்ந்தவை அவளுக்குத் தெரியும். அதன்பின் வாரந்தோறும் அவனைப் பற்றியே பேசினோம்.

அவள் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னதும் ஒரு காரியம் செய்தேன். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, கதைப் பக்கங்களை மட்டும் சேர்த்து பைண்டு செய்வது எங்கள் வீட்டு வழக்கம். அவ்வாறே அந்த ஆறு இதழ்களையும் மண்டி மொஹல்லா பகுதி பைண்டரிடம் கொடுத்து, அட்டைகளையும் விளம்பரங்களையும் நீக்கி, ஓரம் வெட்டி, ஒரே நூலாக்கினேன்.

வந்ததும் அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"அட்டையெல்லாம் எங்கப்பா?"

"கதையில ஒரு வரி கொறையல அம்மிணி. அட்டையும் விளம்பரமுந்தான் எடுத்தது."

"ஒவ்வொரு அட்டையும் ஒரு பெயிண்டிங்ப்பா. அதுக்காகத்தானே தேடித் தேடி வாங்கினேன்."

நான் பைண்டரிடம் ஓடினேன்.

"அது அன்னைக்கே பழைய பேப்பரோட போயிடுச்சே, சார்" என்றார் அவர்.

திரும்பி வந்து சொன்னபோது, போகட்டும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். மனம் விலகினால்தான் அவள் என்னிடம் கன்னடம் பேசுவாள். விடுமுறை முடிந்து புறப்படுகையில் நூலை மேசைமீதே விட்டுச்சென்றாள்.

இப்போதும் அழைக்கிறாள். கொலையாளியைப் பற்றிய பேச்சை அவள் எடுப்பதில்லை, எடுக்க எனக்குத் துணிவில்லை. ஐந்தாம் பாகத்தில் அவன் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கப்பலேறியது ஏன் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நான் செய்தது அலட்சியத்தால் அன்று. அவளிடம் அதைச் சரியாகச் சொல்ல வாய்க்கவில்லை. ஆகவே, தாங்கள் யாராயினும், என்றேனும் அவள் கண்ணில் படும்படி இவ்வெழுத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.