பேராதனையில் ஒரு மணி நேரக் கணினி

செவ்வாய், காலை பத்து மணி. பொல்காவலையில் மாறி ஏறிய ரயில் கண்டியில் இறக்கிவிட்டபோது எனக்கு நன்றாகக் குளிர்ந்தது. யாழ்ப்பாணத்தான் குளிரைப் பற்றிப் பேசினால் மலைநாட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வவுனியா வரை வந்து சேரப் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனிப் புத்தகமாகிவிடும். ஆகவே கண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

விடுமுறையில் இளங்கலை மாணவர்களும் விரிவுரையாளர்களோடு சேர்ந்து கணித ஆய்வு செய்வதற்குப் பேராதனையில் ஆறு வார வாய்ப்பு ஒன்று இருந்தது. நிபந்தனை ஒன்றுதான். சொந்தமாக எழுதிய நிரலைப் புதன்கிழமை அவர்களுடைய கணினியில் ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் அடுத்த ரயிலில் ஊருக்கு. என் நிரலோ பென்சிலால் எழுதியது. எங்கள் ஊரில் மின்சாரம் நின்று வருடங்கள் ஆகின்றன; கணினியை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

தங்குமிடம் மூன்று மைல் தள்ளிக் கட்டுகஸ்தோட்டையில். வீட்டுக்காரர் சலீம் நானா, புடவைக்கடை வைத்திருப்பவர். பையைக் கீழே வைக்கவும் விடவில்லை.

“மொதல்ல பொலிசுல பதிவு தம்பி. தேத்தண்ணி எல்லாம் பொறகு.”

பொலிஸ் நிலையத்தில் என் தாள்களைப் புரட்டிய அதிகாரியின் முகம் இறுகியது. கட்டங்கள், அம்புக்குறிகள், எண்கள். வடக்கிலிருந்து வரும் இளைஞனின் பையில் இந்தப் போர்க்காலத்தில் எவையெல்லாம் இருக்கக் கூடாதோ அவையெல்லாம் அதில் இருந்தன.  சலீம் நானாதான் முன்னால் போய்ச் சிங்களத்தில் சொன்னார்.

“கணன் மாத்தயா, ஒக்கோம கணன்.”

எல்லாம் கணக்கு ஐயா என்று அதற்குப் பொருள். அதிகாரி பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபட்டாரோ, தாள்களை அவசரமாக என் பக்கம் தள்ளிவிட்டுப் பதிவை முடித்தார்.

புதன், காலை ஒன்பது மணி. கண்டியில் பஸ் மாறிப் பேராதனைக்குப் போனேன். கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்தவள் மலர்விழி, மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இறுதி ஆண்டு படிப்பவள்.

“வாங்க. பென்சில்ல ப்ரோகிராம் எழுதுனவரு நீங்கதானா?”

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். கால் மணி நேரம் பார்த்துப் பொறுமை இழந்தாள்.

“இப்படியே போனா ஆறு வாரமும் இதுலயே முடிஞ்சிரும். தள்ளுங்க, நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன்.”

சதுரக் கட்டங்களில் ஒன்றையொன்று தொடாமல் கற்களை எத்தனை வழிகளில் வைக்கலாம் என்பதுதான் கணக்கு. அந்த எண்ணிக்கைக்கு நானும் என் நண்பன் குகனும் ஒரு விதி கண்டிருந்தோம். ஐந்துக்கு ஐந்து சதுரத்தைக் கையால் எண்ணிச் சரிபார்க்கவே இரண்டு மாத மாலைகள் போயின.

ஓட்டும் விசையை அழுத்திவிட்டு, நீண்ட நேரம் காத்திருக்கும் எண்ணத்தில் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். திரையில் ஒரு அசைவும் இல்லை.

“தொடங்கேல்லைப் போல கிடக்கு” என்றேன்.

“முடிஞ்சிருச்சுங்க.”

எங்கள் எண்ணேதான், இலக்கம் பிசகாமல். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டு மாதத்தை அது ஒரு மூச்சில் விழுங்கிவிட்டது.

“அடுத்தது என்ன?” என்றாள் மலர். அப்படியொன்றை நான் யோசித்தே வரவில்லை. ஆறுக்கு ஆறு போடச் சொன்னேன். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்த எண் வேறு, எங்கள் விதி சொன்ன எண் வேறு. திரும்பத் திரும்ப ஓட்டினோம், விதி பொய்தான். சரி, ரயில்தான் என்று தாள்களைக் கட்டினேன். விரிவுரையாளரிடம் சொல்லப் போன மலர் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

“எங்கங்க கெளம்பிட்டீங்க? சாருக்கு ரொம்ப சந்தோஷம். அது ஏன் ஒடைஞ்சுச்சுன்னு தேடுறதுதான் இனி ஒங்க வேலையாம்.”

மாலை நாலரை மணி. மகாவலிப் பாலத்தை பஸ் கடக்கும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்கூடப் பழகிவிட்டது. இறங்கியதும் குகனுக்கு எழுதிப் போட்டேன். கடிதம் ஊர் போய்ச் சேர ஒரு மாதமாவது ஆகும், தொலைபேசி கிடையாது. நான் திரும்பி வருவதற்குள் விதியை நிரூபித்துவிடுவேன் என்று சபதம் போட்டு வழியனுப்பியவன் அவன். இந்நேரம் ஜாம் போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேராதனையில் புதன்கிழமை பொய்யாகிப்போன விதி, எங்கள் ஊரில் இன்னும் ஒரு மாதத்துக்கு உண்மையாகவே இருக்கும்.