அட்டவணையில் இல்லாத மல்லாட்டை மூட்டை

நான் எழுதிக் கொண்டுபோன அட்டவணையில் மல்லாட்டை மூட்டை இல்லை. காலை ஆறரைக்குக் கடலூர் முதுநகரில் படகு ஏறுவது. ஏழரைக்குச் சித்திரைப்பேட்டை, இருபது நிமிடம். ஒன்பதுக்குச் சாமியார்பேட்டை, அங்கும் இருபது நிமிடம். பத்தரைக்குள் பரங்கிப்பேட்டை முகத்துவாரம். அதன் வழியாக வெள்ளாற்றுக்குள் நுழைந்து, நான் வேலைக்குச் சேரவேண்டிய ஆய்வுக்கூடத்தின் படித்துறையில் இறங்குவது. மதியச் சாப்பாடு சிதம்பரத்தில். இவ்வளவையும் இரண்டு நிறப் பேனாவில் எழுதி நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் முந்தின நாளே திட்டக்குடியிலிருந்து பேருந்தில் வந்து, என் கல்லூரித் தோழி வீட்டில் என்னுடன் தங்கினார்கள். மூட்டை அப்போதே வந்துவிட்டது. எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். பங்குனி மாதம், வயலில் மல்லாட்டை பிடுங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தோழி வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார்.

"அது எதுக்குப்பா?"

"போற எடத்துல வேணும்" என்றார். அதற்குமேல் கேட்டால் பதில் வராது.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். கடல் உயிரியலில் முதுகலை படித்து வகுப்பில் முதலாவதாக வந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பரங்கிப்பேட்டையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. வாரம் இரண்டு நாள் படகில் போய்க் கரையோரம் நெடுகத் தண்ணீர் எடுத்து வந்து சோதிக்கவேண்டும். திங்கட்கிழமை சேரவேண்டும். அப்பா மட்டும் இன்னும் 'போ' என்று சொல்லவில்லை. படகு என்ற சொல்லைக் கேட்டதும், "பாத்துட்டுச் சொல்றேன்" என்று நிறுத்திவிட்டார்.

அப்பாவின் வழக்கம் அது. மாட்டுச் சந்தையில் மாட்டை நாலு நடை நடக்கவிட்டுப் பார்க்காமல், விலை பேசத் துண்டுக்கடியில் கையை விடமாட்டார். அவர் சொல்லாமலே நான் போயிருக்கலாம்தான். ஆனால் பள்ளி, கல்லூரி, விடுதி என்று எல்லாவற்றுக்கும் ஊரே மூக்கில் விரலை வைத்தபோது 'போ' என்று முதலில் சொன்னவர் அவர். இந்த ஒன்றுக்கு மட்டும் அந்தச் சொல் வராமல் நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. சரி, பார்க்கட்டும் என்றுதான் தோழியின் சித்தப்பாவிடம் சொல்லி அவருடைய பைபர் படகை ஏற்பாடு செய்தேன். இன்னொன்றும் மனதில் இருந்தது. எங்கள் வயலைத் தாண்டி ஓடுவதும் வெள்ளாறுதான். வருடத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் அந்த ஆறு, கடலில் சேருமிடத்தில் எவ்வளவு அகலம் என்று அப்பா பார்த்ததே இல்லை. கடலிலிருந்து அவரை அவருடைய ஆற்றுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போவேன். அதைப் பார்த்தபின் அவர் எப்படி மறுப்பார்?

ஏறும்போதே முதல் அடி எனக்குத்தான் விழுந்தது.

"பாப்பா, செருப்ப கழட்டு. செருப்போட ஏறக் கூடாது" என்றார் படகுக்காரரான அந்தச் சித்தப்பா.

அப்பா ஏற்கெனவே வெறுங்காலில் நின்றார். களத்துமேட்டில் ஏறும்போது கழற்றுவதுபோல, யாரும் சொல்லாமலே கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். நான் கேட்டு வாங்கி வந்த மூன்று மிதவைச் சட்டைகளில் நானும் அம்மாவும் இரண்டை மாட்டிக்கொண்டோம். மூன்றாவதைப் படகின் அடியில் விரித்து, நனையாமல் இருக்க அதன்மேல் மூட்டையை வைத்தார் அப்பா.

"அது உங்களுக்குப்பா. போட்டுக்குங்க."

"எனக்கு வேத்துக் கொட்டும். மல்லாட்டை நனஞ்சா மொளச்சிடும்."

கைப்பேசிகளையாவது காப்பாற்றுவோம் என்று மூவருடையதையும் வாங்கி நெகிழிப் பையில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தேன்.

கடல் அன்று எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. கரையோரமாகவே மெதுவாகப் போனோம். சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் சிப்காட் புகைபோக்கிகள், பிறகு மறுபடியும் சவுக்கு. அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் புளிசோற்றுத் தூக்கைத் திறந்தாள். நான் அப்பாவிடம் ஆரம்பித்தேன். நீரின் உப்பு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது, அதை எப்படி அளப்போம், எங்கெங்கே எடுப்போம். காட்டுவதற்கென்றே ஒரு மாதிரிப் புட்டியும் கொண்டு வந்திருந்தேன். அதைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு மேலே இழுத்தபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பிப் படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த இஞ்சின் நடுக்கடல்ல நின்னுட்டா என்னா பண்ணுவீங்க?"

"பக்கத்துப் படகுக்கு போன் போடுவோம்."

"பக்கத்துல படகே இல்லன்னா?"

"கரையிலேருந்து எவனாச்சும் வருவான், மாமா. எல்லாம் தெரிஞ்ச பசங்கதான்."

அப்பா தலையாட்டினார். புட்டியில் இருந்த தண்ணீரை நான் கடலிலேயே கொட்டினேன்.

சித்திரைப்பேட்டையில் படகு மணலில் ஏறி நின்றதும், அப்பா மூட்டையைப் பிரித்துத் துண்டு நிறைய மல்லாட்டையை அள்ளி முடிச்சுப் போட்டார்.

"சும்மா காலாற நடந்துட்டு ஏறிடலாம்பா. இருபது நிமிஷந்தான்."

"வெறுங்கையோட ஒருத்தர் ஊருல கால் வெக்கலாமா?"

"இது ஊரு இல்லப்பா, ஸ்டாப்பிங்."

"ஸ்டாப்பிங்ல மனுஷங்க இல்லியா?"

போனவர் போனவர்தான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அவர் குந்தியிருப்பது தூரத்திலிருந்து தெரிந்தது. அவர்கள் மல்லாட்டையை உரித்துத் தின்றார்கள். யாரோ தேநீர் வாங்கி வந்தார்கள். நான் இரண்டு முறை கையசைத்தேன். அவரும் சந்தோஷமாகத் திரும்பக் கையசைத்தார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. வரும்போது துண்டுக்குள் மல்லாட்டைக்குப் பதில் கருவாடு இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி ஊரு ஊரா எறங்குறாரு உங்கப்பா" என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு நெற்றி நரம்பு தெறித்தது.

படகு கிளம்பியதும் அப்பாவும் படகுக்காரரும் மச்சான் போட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கை மல்லாட்டை. தொலி முழுவதும் கடலில் மிதந்தபடி எங்களைத் தொடர்ந்து வந்தது.

சாமியார்பேட்டையில் நான் முந்திக்கொண்டேன். "அப்பா, பத்து மணி ஆவப்போவுது. இங்க எறங்கவேணாம்."

"மச்சானோட அக்கா வீடு இருக்காம். எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்."

அந்த அக்கா அப்பா நீட்டிய மல்லாட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "பச்சையா இருக்கு, இப்பத்தான் புடுங்குனதா?" என்று கேட்டபடியே கழுவி, உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார். பிறகு எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

"நாங்க கெளம்பணும் அக்கா. தண்ணி எறங்குறதுக்குள்ள முகத்துவாரத்துக்குப் போவணும்."

"பத்து நிமிஷத்துல வெந்துடும். ஒலைய வெச்சிட்டு அனுப்பினா நல்லாவா இருக்கும்? ஒக்காரு பாப்பா."

ஈர விறகு. பத்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். அப்பா அவர்களிடம் காற்று எந்த மாதம் ஜாஸ்தி, எந்தத் திசைக் காற்று மோசம், தனியாகப் பெண்பிள்ளைகள் படகில் போவதைப் பார்த்திருக்கிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். இத்தனை கேள்விகளுக்கும் பதில் தெரிந்த ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பருவக்காற்றும் கடல்நீரும் பற்றி நான் எழுதிய ஆய்வேட்டை எங்கள் வீட்டில் பரணில் வைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு கேள்விகூட வரவில்லை. வெந்த மல்லாட்டையைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தபோது வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. கை சுட்டது.

முகத்துவாரத்துக்கு முன்னால் படகு நின்றபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கரையும் கடலும் சேருமிடத்தில் நீளமாக வெள்ளைக் கோடு. அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடைந்துகொண்டிருந்தன. எழுந்து நின்று பார்த்தேன்; அதற்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில், அகலமாக, அசையாமல் ஆறு கிடந்தது. படகில் உட்கார்ந்தபடி பார்த்தால் அந்த வெள்ளைக்கு மேலே பச்சையாக ஒரு கீற்று மட்டுமே தெரிந்தது.

படகுக்காரர் இயந்திரத்தைத் தணித்தார். "தண்ணி வாங்கிடுச்சு பாப்பா, எறங்கிப்போச்சு. மணல்திட்டு மேல ஒடையுது பாரு. இப்ப உள்ள வுட்டா திட்டுல ஒக்காந்துடும், அடுத்த அலை கவுத்துடும். நான் வுடமாட்டேன்."

"பத்தரைக்கு வந்திருந்தா?"

"வந்திருந்தா பூ மாதிரி போயிருக்கலாம்" என்றார், வெந்த மல்லாட்டை ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டே.

"ஏன் மச்சான், தண்ணி எப்ப ஏறும்?" என்று அப்பா, வாய்க்கால் முறை கேட்பதுபோல் கேட்டார்.

"சாயங்காலம் ஆவும் மச்சான். அதுக்குள்ள நான் ஊரு திரும்பணும்."

"அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

எனக்கு அங்கேதான் உடைந்தது. "எந்த நாள்ப்பா? நாளன்னிக்கி நான் சேரணும். இதக் காட்டத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் மல்லாட்டை குடுத்துக்கிட்டு ஒக்காந்துட்டீங்க. நீங்க என்னத்தப் பாத்தீங்க இப்ப?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.  அப்பா காலியான சாக்கை உதறி மடித்தார். படகு திரும்பிப் புதுப்பேட்டைக் கரையில் ஏறியது. இறங்கும்போது வந்த அலையில் இடுப்பு வரை நனைந்தேன். இரண்டு நிற அட்டவணை ஒரே நிறமாயிற்று.

அங்கிருந்து ஆட்டோ, பிறகு சிதம்பரம் பேருந்து. ஆய்வுக்கூடத்தைக் காட்டலாம் என்றால், சனிக்கிழமை பிற்பகல் பூட்டியிருந்த வாசற்கதவைத்தான் காட்ட முடிந்தது. ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. சிதம்பரம் போகும் வழியில் பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கும். அங்கே ஆறு கரை முட்ட இருக்கும். அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பாலம் வந்தபோது அவர் கம்பியில் நெற்றியைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தட்டினேன். உலுக்கினேன். கண் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு டயர் கடை இருந்தது.

"எவ்ளோ தண்ணி!" என்றாள் பின் இருக்கையிலிருந்து அம்மா. "நம்ம ஆறாடி அது?"

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சாப்பிட்டு முடித்து, விருத்தாசலம் வண்டிக்காக நின்றோம்.  அப்பா தேநீரைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தார்.

"திங்கக்கெழமை போயி சேந்துக்க" என்றார்.

மாதக்கணக்காகக் காத்திருந்த சொல். காதில் விழுந்ததும் சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது.

"என்ன பாத்துட்டு சொல்றீங்க? ஆறக்கூடப் பாக்கல."

"ஆறு எங்க போயிடப்போவுது? அங்கங்க ஆளு இருக்காங்க. அதப் பாத்துட்டேன்."

முழுக்கைச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே நீலப் பேனாவில் வரிசையாகக் கைப்பேசி எண்கள். போன்களை நான் வாங்கிச் சுற்றி வைத்துவிட்டதால், எழுதத் தெரியாத என் அப்பா ஒவ்வொரு ஊரிலும் கையை நீட்டி எழுதி வாங்கியிருக்கிறார். வேர்வையில் பாதி கலைந்திருந்தது.

"இது படகுக்கார மச்சான். இது சித்திரைப்பேட்ட மாமா. இது அந்த அக்கா. இது அவுங்க வூட்டுக்காரரு. உன் போன்ல ஏத்து. எனக்கும் ஏத்திக் குடு."

"எனக்கு எதுக்குப்பா இவுங்கல்லாம்? நான் படிச்சிருக்கேன். எனக்குக் கடலப் பத்தித் தெரியும்."

"உனக்குத் தெரியும். கடலுக்கு உன்னத் தெரியுமா? இவுங்களத் தெரியும்."

பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. பேருந்து வந்துவிட்டது. நின்றுகொண்டே அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, ஒன்பதா நாலா என்று பார்த்து ஏற்றிக் கொடுத்தேன். என் சான்றிதழ்கள் எதுவும் சாதிக்காததை ஒரு மூட்டை மல்லாட்டை சாதித்தது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்பா என்னிடம் போனில் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பிட்டியா என்பதோடு சரி. ஆனால் நான் படகில் ஏறும் நாட்களில், சாமியார்பேட்டை அக்கா கூப்பிடுகிறார். "உங்கப்பா காலையில போன் பண்ணாரு. இன்னிக்கி வாடக்காத்துன்னு நான் சொன்னேன். போவவேணாம்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு." கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு எனக்குக் காற்று சொல்கிறார். வானிலை அறிக்கை என் கையிலேயே இருக்கிறது என்று நானும் ஒவ்வொரு முறையும் அக்காவிடம் சொல்கிறேன். அக்கா சரி சரி என்று வைத்துவிடுகிறார்.

போன வாரம் தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில், எங்கள் படகு முகத்துவாரத்தின் வழியாக ஆற்றுக்குள் நுழைந்தது. படகுக்காரர் சொன்னதுபோல் பூ மாதிரிதான். இரு கரையும் தெரிய ஒரு படம் எடுத்து, அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். 'இதுதான் நம்ம ஆறு, அப்பாவிடம் காட்டு' என்று குரலும் பதிந்து அனுப்பினேன். அன்று முழுவதும் அழைப்பு வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் முதுநகர்ப் படகுக்காரர் கூப்பிட்டார்.

"ஏம்மா, மச்சான் நேத்து போன் பண்ணாரு. நீ ஏதோ போட்டோ அனுப்பினியாமே. அது அந்த எடந்தானான்னு எங்கிட்ட கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எங்க பாத்தேன் போட்டோவ? பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும் மச்சான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அப்ப சரின்னுட்டாரு."