இரண்டு புளியமரங்களுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர்

1987 செப்டம்பர் 17 அன்று சாலை மறியல் தொடங்கியபோது பாவாடைக்கு வயது முப்பத்தொன்று. கள்ளக்குறிச்சியில் அவர் டீசல் பம்ப் பட்டறை திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் ஊருக்கு ஊர் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பட்டறைக்குள் ஒரே ஒரு ஜீப் நின்றது. பாவாடையை உட்காரவிடாமல் அடித்தது அதுதான்.

அது வெள்ளிமலை கருப்பண்ணனின் ஜீப். ஆள் ஏற்றினால் மலைப்பாதையில் இழுக்கவில்லை என்று வந்தவருக்கு, பம்பில் டீசல் அளவைக் கூட்டி டியூன் செய்து கொடுத்திருந்தார் பாவாடை. மலையில் வண்டி திணறாமல் ஏறியது. பார்த்த ஐந்து ஜீப்காரர்கள் தங்களுக்கும் அதே வேலையைச் சொல்லி வைத்தார்கள். ஆனால் மறியலுக்கு முந்தைய நாள், சேலம் சாலையில் எழுபதைத் தொட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் மூச்சு வாங்கியது. மிதித்த கால் மிதித்தபடி இருக்க, வேகம் தானாக விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது. கருப்பண்ணன் நேராகப் பட்டறைக்கு வந்தார். மறியல் முடிவதற்குள் சரியாகாவிட்டால் ஆறு வண்டியும் ஆத்தூர் பட்டறைக்குப் போய்விடும் என்று மரியாதையாகவே சொன்னார்.

பாவாடை ஃபில்டரை மாற்றினார். குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டு, கூட்டிய அளவைப் பழையபடி குறைத்தார். நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடியது. முன்பும் அப்படித்தான் ஓடியது. எழுபதில் ஓட்டிப் பார்க்க ரோடு வேண்டும்.

ரோடு இருந்தது. சின்னசேலம் பக்கம் சாய்ந்து கிடந்த இரண்டு மரங்களுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர், ஒரு சைக்கிள்கூட இல்லாமல். மூன்றாம் நாள் காலை ஏரிக்கரை வண்டிப்பாதை வழியாக பாவாடையும் கருப்பண்ணனும் ஜீப்பை அதற்குள் இறக்கினார்கள்.

முதல் மரத்தடியில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் டிராக்டர் ஓட்டும் ராசு பாவாடையின் வாடிக்கையாளர். மரத்தைத் தாண்ட மாட்டோம், நடுவிலேயே ஓடித் திரும்புவோம் என்று பாவாடை விளக்கினார். மலைக்காரர் நம் பக்கமா என்று ராசு விசாரித்தான்.

"எங்களுக்குப் பழங்குடிப் பட்டியல்ல எடம் கீது. ரோடுதான் இல்ல" என்றார் கருப்பண்ணன். கூட்டம் சிரித்து வழிவிட்டது.

முதல் ஓட்டத்தில் நாலாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. பழைய அளவுக்குக் குறைத்த பிறகும் இப்படி என்றால், குற்றம் டியூனிங்கில் இல்லை. அப்புறம் எதில்? நிற்காமல் திரும்பினார்கள். திரும்பும்போது முதல் கிலோமீட்டரிலேயே ஆரம்பித்துவிட்டது. ஓட ஓட ஏன் அதிகமாகிறது? பாவாடை பானெட்டைத் திறந்து வெறித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே விட்டதற்கு, தீப்பந்தத்துக்கு ஒரு லிட்டர் டீசலாவது தரவேண்டும் என்றான் ராசு. கருப்பண்ணன் முனகிக்கொண்டே டேங்க் மூடியைத் திருகினார். திருகத் திருக டேங்க் 'உஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது.

பாவாடை திரும்பினார். "அண்ணே, அத மூடாதீங்க."

மூடிக்கு அடியில் பழைய டியூபை வெட்டிய ரப்பர் வளையம், அதன்மேல் பிளாஸ்டிக் தாள். மறியல் என்று கேள்விப்பட்டதும் கருப்பண்ணன் டேங்கை விளிம்புவரை நிரப்பியிருந்தார். மலை வளைவுகளில் அது ததும்பிக் கொட்டியது.

"ஒரு சொட்டு வெளிய போவாம அடைச்சேங்க" என்றார்.

"சொட்டும் போவல. காத்தும் உள்ள வரல."

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். மலையில் மெதுவாகப் போகும்போது கசிந்து வந்த காற்று போதுமாக இருந்தது. எழுபதில் போதவில்லை. இன்ஜின் டீசலுக்குத் தவித்தது.

பாவாடை ரப்பரைப் பிடுங்கி எறிந்தார். ஸ்பேனரை எடுத்து, குறைத்த அளவை அங்கேயே மறுபடி கூட்டினார். ஆறு கிலோமீட்டரும் எழுபத்தைந்தில் ஓடினார்கள். ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. நம்பாமல் இன்னொரு முறை போய்வந்தார்கள்.

"இன்னாயா இது" என்றான் ராசு. "வண்டிங்க ஓடக் கூடாதுன்னு மரத்த வெட்டிப் போட்டா, நீ இங்கயே ஓட்டிக்கினு கீற."

மறியல் முடிந்து மரங்களை அகற்றிய மறுநாள், கருப்பண்ணன் அதே ஜீப்பில் சேலம் போய்வந்தார். அந்த வாரமே மலையிலிருந்து இரண்டாவது ஜீப் பாவாடையின் பட்டறைக்கு வந்தது.